தேய்ந்த மீதி எங்கே போனது?

திண்ணையில் விரித்த பழைய தினசரியின் மேல் இரண்டு ஜோடி பிரேக் பேடுகள் கிடந்தன. ஒன்று, அண்ணன் மகளின் ஸ்கூட்டர் முன்சக்கரத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது. இன்னொன்று கடையில் வாங்கி வந்த புதுசு. அடியில் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய கரிய பாளம்; மொத்தமாகத் தீப்பெட்டி அளவுதான். இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"புதுசுல இவ்ளோ மொத்தம் இருக்கு சித்தப்பா. பழசுல தகடு மட்டுந்தான் மிச்சம். தேஞ்ச மீதி எங்க போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை காலை, அயோத்தியாப்பட்டணம். வண்டி தினமும் சேலம் டவுனுக்குப் போய் வருவது. ஒரு வாரமாக முன் பிரேக்கைப் பிடித்தால் நாய் சிணுங்குவது போல ஒரு சத்தம். தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினோம். "பேடு முடிஞ்சு போச்சுங்க. ரெண்டு போல்ட்டு, ஒரு பின்னு, அவ்ளோதான். நீங்களே மாத்திக்கலாம்ங்க" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்டவரும் ஊரில் இருக்கிறார்.

கேள்விக்குப் பதில் சொல்லும் முன் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டில் கொலுசுப் பட்டறை. சேலத்தில் இது ஒரு சௌகரியம்: துல்லியமாக எடை போடும் தராசு நாலு வீட்டுக்கு ஒன்று இருக்கும். வெள்ளிக்கம்பி நிறுக்கும் தட்டில் பிரேக் பேடை வைக்க அந்த அண்ணனுக்கு மனசே இல்லை. துடைத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். புது ஜோடிக்கும் பழைய ஜோடிக்கும் வித்தியாசம் 18 கிராம் சொச்சம். வண்டியின் மீட்டர் 18,000 கிலோமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. காகிதமும் பேனாவும் தேவைப்படாத கணக்கு. கிலோமீட்டருக்கு ஒரு மில்லிகிராம்.

தூள் உப்பில் பத்துப் பதினைந்து பருக்கையை எண்ணி எடுத்தால் ஒரு மில்லிகிராம் வரும். இவ்வளவு கொஞ்சத்தைச் செலவழித்து அந்தப் பேடு என்ன வேலை செய்திருக்கிறது என்று பார்த்தால்தான் வியப்பு.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். வண்டியின் ஓட்டம் எங்கும் மறைந்துவிடாது, சூடாக உருமாறுகிறது. மார்கழிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், எல்லாம் சேர்த்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் ஏறத்தாழ 15,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. நிற்க வேண்டுமென்றால் அத்தனையும் வெளியேறியாக வேண்டும். வேகம் 60 ஆனால், ஒன்றரை மடங்குதானே என்று நினைப்போம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அது 33,000 ஜூலைத் தாண்டிவிடும். 40-ல் பழகிய கைக்கு 60-ல் வண்டி 'நிக்க மாட்டேங்குது' என்று தோன்றுவது இதனால்தான். பிரேக்கின்மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

இந்தச் சூட்டில் பெரும்பங்கு முன்சக்கரத்தில் விழுகிறது. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகி வழுக்கப் பார்க்கிறது. தரையை அழுத்திப் பிடிப்பது அப்போது முன்சக்கரம்தான். நம் பக்கத்திலோ "முன் பிரேக் புடிச்சா தூக்கி வீசிடும்" என்று சொல்லிச் சொல்லியே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம். மணலிலும் ஈரத்திலும், ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் சட்டென்று பிடித்தால் விழுவது உண்மை. அதற்காகப் பத்து வருஷம் முன் லீவரைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமானது. நம் கைப்பழக்கத்தை மாற்ற முடியாமல் வண்டியை மாற்றினார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏற்காடு மலைக்கு ஊரறிந்த பாதை 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சேலம் ரோடு. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குப்பனூர் வழி பக்கம். மேலேயிருந்து சமவெளிக்கு இறங்கும்போது ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. அதே 240 கிலோவை ஆயிரம் மீட்டர் இறக்கினால் 23 லட்சம் ஜூலுக்கு மேல் வெளியேற வேண்டும். சமதரையில் 40-லிருந்து 160 முறை நிறுத்துவதற்குச் சமம். எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்.

கியர் வண்டிக்காரர் இரண்டாவது கியரில் போட்டுவிட்டு எஞ்சினையே பிரேக்காக்கிக்கொண்டு இறங்குவார். கியரில்லாத ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. உள்ளே இருப்பது பெல்ட்டும், சுற்றும் வேகத்தில் விரிந்து பிடிக்கும் கிளட்ச்சும். வேகம் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், வண்டி சும்மா உருளும். ஆகவே மலையிறங்கும் ஸ்கூட்டர்களில் பாதி வழியில் ஒரு கருகல் வாசனை வரும். லைனிங் தீயுது என்பார்கள். அந்த வாசனை வந்தால் ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு, சூடு ஆறிய பின் கிளம்புவதுதான் புத்தி. தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, பேடு உரசும் டிஸ்க் நெளியும்.

கருகுவது எது? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

சைக்கிளில் பிரேக் அறுந்துபோன காலத்தில் நாம் என்ன செய்தோம்? செருப்புக் காலை டயரின் மேல் வைத்து அழுத்தினோம். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் கதைகளும் செருப்பைச் சுற்றியே இருக்கின்றன. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, அவர் செய்த மோட்டார் வண்டியை மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளின் மேல் தோல் அடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட், மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸைச் செருகி ஓட்டுவதைக் கவனித்து, 1897-ல் அதைவிட மேலான பொருளைத் தேட ஆரம்பித்தார். தோலும் துணியும் சூட்டில் கருகின. பிறகு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டைப் பொருட்படுத்தாத அந்த நார் முக்கால் நூற்றாண்டு பிரேக்கை ஆண்டது. அதன் தூள் நுரையீரலில் இறங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும் என்பது நிரூபணமான பின் நாடுகள் ஒவ்வொன்றாக விலக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து முழுத் தடை. நம் நாட்டில் முழுத் தடை கிடையாது. பேடு வாங்கும்போது உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போதைய பேடுக்குள் பத்துப் பதினைந்து பொருள்களாவது இருக்கும். ஒட்டவைக்கும் பசை, பேக்கலைட் குடும்பத்து ரெசின். பழைய வீடுகளில் கறுப்பாக வட்டமாக இருந்த மின்சார சுவிட்ச் ஞாபகம் இருந்தால், அதே இனம். 1907-ல் லியோ பேக்லாண்ட் கண்டது. எடைக்கும் இடத்தை நிரப்பவும் பேரைட்டு என்னும் கல்மாவு. ஆந்திரத்து மங்கம்பேட்டையில் அது மலையாகக் கிடக்கிறது. சூட்டில் வழுக்கிக்கொடுக்க கிராஃபைட். கொஞ்சம் நார், கொஞ்சம் உலோகத்தூள். பிடிப்பைக் கூட்ட, உரசும் கடின மாவுகள். அந்த வரிசையில் சேர்க்கப்படுவது மக்னீசியா. எந்த மலையிலிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறிக் கிடக்கும் மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பது அதுதான்.

ஆனால் என்னை அசரவைத்த சரக்கு வேறு: முந்திரி ஓட்டு எண்ணெய்.

சுடாத முந்திரிக்கொட்டையைச் சின்ன வயதில் கடித்து உதடு வெந்தவர்களுக்கு அந்த எண்ணெயைத் தெரியும். சலவைத் துணிக்கு அழியாத குறி போடப் பயன்பட்ட சேராங்கொட்டையும் அதே குடும்பத்து மரம்தான். தோலில் பட்டால் கொப்பளிக்க வைக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. 1920களில் அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர் இந்த எண்ணெயை ஆராய ஆரம்பித்தார். அதைக் கெட்டிப்படுத்தினால் ரப்பர் போலவும் கல் போலவும் இல்லாத ஒரு திடப்பொருள் கிடைத்தது. அரைத்துத் தூளாக்கி லைனிங்கில் கலந்தால், பிரேக் முரட்டுத்தனமில்லாமல் மெத்தென்று பிடித்தது, சத்தமும் குறைந்தது. நூறு வருஷமாகியும் அதை முழுதாகத் தூக்கிப்போட முடியவில்லை. உலகத்துப் பிரேக் லைனிங்குகளில் முந்திரித் தூள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரைக் கடந்து வாழப்பாடி, ஆத்தூர் என்று கிழக்கே ஓடும் நெடுஞ்சாலை உளுந்தூர்பேட்டையில் போய் முடிகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் பண்ருட்டி. முந்திரிக்குப் பேர்போன ஊர். ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் அறுபதுகள், எழுபதுகளிலிருந்தே லைனிங் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவள் கையிலிருந்த தீப்பெட்டி அளவுப் பாளத்தில் ஏதோ ஒரு முந்திரித்தோப்பின் நிழல் இருக்கிறது என்று சொன்னேன். முகர்ந்து பார்த்தாள். "பாயாச வாசனை வரல சித்தப்பா."

நல்ல பேடு கெட்டியாகப் பிடிப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. காலை எட்டு மணிக்கு 30 டிகிரியிலும், மலையிறக்கத்தில் 300 டிகிரியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை சரக்கு. சூடு எல்லை மீறினால் ரெசின் சிதைந்து ஆவி கிளம்பும். அந்த ஆவிப்படலத்தின் மேல் பேடு மிதக்கும். லீவர் கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கருகல் வாசனை அதன் முன்னறிவிப்பு.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினோம். பேடுகளைக் கோத்திருக்கும் பின்னை, டிஸ்க்கைக் கவ்விநிற்கும் காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருகினால் பிடிமானம் இருக்காது, ஆலன் கீ போல்ட்டின் தலையைத் தின்றுவிடும். பிறகு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் டிஸ்க்கிலிருந்து நழுவி வரும். ஓஸில் தொங்கவிடாமல் துணிக்கயிற்றால் கட்டிவைத்தோம். அந்த நேரத்தில் யாரும் விளையாட்டுக்குக்கூட லீவரைப் பிடிக்கக் கூடாது; பேடை அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

கழற்றிய பேடு ஒரு கடிதம் மாதிரி. படிக்கத் தெரிந்தால் வண்டியின் சேதி சொல்லும். எங்கள் ஜோடியில் பிஸ்டன் பக்கத்துப் பேடு சுத்தமாக முடிந்திருந்தது, வெளிப்பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காலிப்பர் நகர வேண்டிய கம்பிகள் காய்ந்து இறுகியிருந்ததால் ஒரு பக்கமே பாரம் சுமந்திருக்கிறது. கம்பியைத் துடைத்துச் சிலிக்கான் கிரீஸ் தடவியதும் விரலால் தள்ளினாலே ஓடியது. இதைப் பார்க்காமல் பேடை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் அதே கதிதான்.

அடுத்து பிஸ்டன். அதைச் சுற்றி உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் சதுரமாக இருக்கும். லீவரைப் பிடித்ததும் பிஸ்டன் முன்னே நகர, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையம் கொஞ்சம் சாய்கிறது. விட்டதும் நிமிர்கிறது, நிமிரும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேடு டிஸ்க்கை விடுவது அப்படித்தான். பேடு தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி ஒரு மயிரிழை முன்னேறிப் புது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பின்சக்கர டிரம் பிரேக்கில் லீவர் தொய்ந்தால் நட்டை இரண்டு திருகு திருகுகிறோமே, அந்த வேலையை இங்கே ஐந்து ரூபாய் பெறாத ரப்பர் தானாகவே செய்கிறது. ஸ்பிரிங் இல்லை, நட்டு இல்லை. இதைக் கண்டபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது.

பிஸ்டன் முன்னேறிய இடத்தை நிரப்ப மேலே இருக்கும் சிறு தொட்டியிலிருந்து பிரேக் ஆயில் இறங்கும். அதனால்தான் பேடு தேயும்போது தொட்டியில் மட்டம் குறைகிறது. குறைந்திருக்கிறதே என்று இடையில் யாராவது ரொப்பியிருந்தால், புது பேடுக்காகப் பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது மேலே வழிந்துவிடும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டு, பழைய பேடை இடையில் வைத்து மெதுவாகத் தள்ளினோம். ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் ஜாதி இல்லை. நிஜ எண்ணெய் அந்தச் சதுர வளையத்தை உப்பவைத்துக் கெடுத்துவிடும். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பதில் வண்டிக்குச் சொன்னதை மட்டும் ஊற்ற வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் குடிக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது கடைக்காரர் தந்திரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம். ஃபிரிட்ஜ் காந்தத்தை அதில் வைத்தாள், ஒட்டிக்கொண்டது. நல்ல எவர்சில்வர் டம்ளரில் ஒட்டாது. இரண்டும் எவர்சில்வர்தான், டிஸ்க்குக்குச் சூடுபடுத்திக் கடினமாக்கக்கூடிய, காந்தம் பிடிக்கும் ரகத்தை எடுக்கிறார்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. போன வருஷம் டயரைப் பளபளப்பாக்கும் ஸ்பிரேயை அடிக்கும்போது டிஸ்க்கிலும் தெளித்து, ஒரு ஜோடி நல்ல பேடைப் பாழாக்கியவன் நான். எண்ணெய் குடித்த பேடு தேறாது.

அவள் கேள்விக்குப் பதில் இந்த டிஸ்க்கில் கொஞ்சம் இருக்கிறது. தேய்ந்த தூளில் சிறு பகுதி, சூட்டிலும் அழுத்தத்திலும் மாவு போல் அரைபட்டு, டிஸ்க்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்கிறது. நன்றாகப் பழகிய பிரேக்கில் பேடு பெரும்பாலும் தன் சொந்தத் தூளின் மேல்தான் உரசுகிறது. புது பேடு முதல் நாள் சரியாகப் பிடிக்காததற்கு இதுவே காரணம்: இன்னும் படலம் விழவில்லை. ஆளில்லாத ரோட்டில் 40-லிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இருபது முப்பது தடவை நிதானமாகப் பிடித்துவிட்டால் படலம் சமமாக விழும். ஒரேயடியாக நிறுத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரே இடத்தில் திட்டாகப் படிந்து, பிறகு லீவர் துடிக்கும்.

படலத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். மிச்சம் அத்தனையும் சேலம் ரோட்டில் இருக்கிறது. கொஞ்சம் சக்கர ரிம்மில் கரியாக, கொஞ்சம் சாக்கடையில், நுண்ணிய பங்கு காற்றில். சிக்னலில் பின்னால் நிற்பவரின் மூக்கிலும்தான். பேடிலிருந்த செம்பு மழைநீரில் கலந்து ஓடைக்குப் போய் மீன்களைக் கெடுக்கிறது என்று 2010-ல் அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் சட்டம் போட்டு, செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லின. ஐரோப்பா 2024-ல் ஏற்ற யூரோ 7 விதிகள், புகைக்குழாயை விட்டுப் பிரேக் தூளுக்கே முதல்முறையாக வரம்பு வைத்தன: பெரும்பாலான புதுக் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். மின்சார ஸ்கூட்டர்களில் மோட்டாரே வேகத்தைக் கொஞ்சம் மின்சாரமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், பேடின் வேலை அந்த அளவுக்குக் குறையும்.

காலிப்பருக்குள் படிந்திருந்த கரித்தூளை வாயால் ஊதப் போனவளைத் தடுத்தேன். காற்றுக் குழாயும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட வேண்டும். பழைய வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

புது ஜோடியை மாட்டி, பின்னைக் கோத்து, போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு இறுக்கினோம். முடிந்தது என்று அவள் ஸ்டாண்டை எடுக்கப் போனாள்.

"இரு கண்ணு. லீவரைப் பிடி."

பிடித்தாள். எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில் வரைக்கும் போய் ஒட்டியது. முகம் மாறிவிட்டது. பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. அப்படியே ரோட்டில் இறங்கியிருந்தால் முதல் வளைவில் முன் பிரேக்கே இருந்திருக்காது. ஏழெட்டு முறை மெதுவாகப் பிடித்து விட்டபின் லீவர் கெட்டியானது. வீட்டில் பேடு மாற்றுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: லீவர் கெட்டியாகும்வரை வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.